தம் பிழையை அச்சிட்ட வைத்தியர்

பிறர் குற்றங் காண்டல் எளிது. தன் குற்றங் காண்டல் அரிது. கண்டதனை ஒப்புக்கொள்ளுதல் அதனினும் அரிது. ஒப்புக்கொண்டதனை எழுதி, அச்சிட்டு, ஊரார் கண்ணிற் படும்படி பரப்புதலோ உலகியலுக்கே மாறுபட்ட செயலாகும். திருவள்ளுவர் குற்றங்கடிதல் என ஓரதிகாரம் வகுத்து, அதனைப் பொருட்பாலில் அரசியலின் கண்ணே அமைத்தார். பலர் உயிர் ஒருவன் கையில் அடங்கியிருக்குமிடத்து, அவன் குற்றம் அவனளவில் நில்லாது என்பது கருத்துப் போலும். அரசனைப் போலவே பிறருயிரைத் தன் கையிற் கொண்டு நிற்பவன் சத்திரவைத்தியன். அவன் கத்தி ஒரு நெல்லளவு பிசகினாற் பிறனொருவன் வாழ்நாள் முழுவதும் அதன் பயனை நுகர வேண்டும். அத்தகைய தொழிலிலே நின்று, தம் பிழைகளை எண்ணிக் கணக்கெடுத்து வெளியிட்ட ஒருவர் ஐக்கிய அமெரிக்காவிலே பொஸ்ரன் மாநகரில் வாழ்ந்தார். ஏணெஸ்ற் அமோரி கொட்மன் என்பது அவர் பெயர்.

என்பு வைத்தியங் கற்போர் அவர் பெயரை இன்றும் நாடோறும் உச்சரிக்கின்றனர். என்பிலே புற்று வளருங்கால் எக்ஸ் கதிர்ப் படத்திற் காணப்படும் ஓர் அடையாளத்திற்குக் கொட்மன் முக்கோணம் என்பது பெயர். தோள்மூட்டு நோயுற்றவர், இடுப்பை வளைத்துக் குனிந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு, மணிக்கூட்டின் ஊசலைப் போல ஆட்டும் பயிற்சியும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆயினும் அவர் உலகிற்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் இவையல்ல. ஒரு சிறிய வினாவேயாகும். சத்திரசிகிச்சை செய்யப்பெற்ற நோயாளி ஓராண்டு கழிந்தபின் எவ்வாறிருக்கின்றார்? நலம் பெற்றிலரேல், ஏன் பெற்றிலர்? இவ்வினாவை விடாது கேட்டமையால் அவர் இழந்தவை பல. அவ்வரலாற்றை இங்கே சுருங்கக் கூறுவாம்.

இரு மாணவர்

கொட்மன் 1869 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 30 ஆந் திகதி பொஸ்ரனிலே வசதிமிக்க குடியொன்றிற் பிறந்தார். ஹாவாட் கல்லூரியிற் பயின்று 1891 இற் பட்டம் பெற்றபின், அச்சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து 1895 இல் வைத்தியரானார். அங்கே அவருடன் ஒருங்கு கற்றவருள் ஒருவர் ஹாவி குஷிங் என்பார். மூளைச் சத்திரசிகிச்சையை ஒரு தனிக்கலையாக வளர்த்துப் பிற்காலத்தில் உலகப் புகழ் எய்தியவர் அவரே.

அக்காலத்திலே நோயாளிக்கு ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு, தகுந்த பயிற்சியில்லாத மாணவரிடமே விடப்பட்டது. துணியிலே மருந்தை வார்த்து மூக்கினருகே பிடிப்பர். மூச்சும் நாடியும் எந்நிலையில் உள்ளன என்பதை எழுதி வைப்பார் இலர். மாணவராயிருந்த குஷிங் ஒருநாள் இவ்வாறு மருந்து கொடுத்துக்கொண்டிருக்க, நோயாளி உயிர் துறந்தார். வைத்தியத்தையே கைவிட்டு வேறு தொழிலை நாடலாமோ என்று அவ்விளைஞர் மனங்கலங்கினார், ஆயினும் கைவிடவில்லை. அவரும் கொட்மனும் தம்முள் ஒரு போட்டி வகுத்துக்கொண்டனர். யார் கொடுக்கும் மயக்கம் நோயாளிக்குத் துன்பங் குறைந்ததாக அமைகின்றதோ அவரே வென்றவர். தோற்றவர் விருந்தளித்தல் வேண்டும். போட்டியென்றால் அளவுகோல் வேண்டுமன்றோ? ஆகவே, நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணி, கட்டமிட்ட தாளிலே புள்ளியிட்டு வந்தனர். 1894 ஆம் ஆண்டளவில் எழுந்த அத்தாள்களே மயக்க மருந்துக் குறிப்பேடுகளுள் மிகப் பழையன என்று எண்ணப்படுகின்றன.

விளையாட்டுப் போலத் தோன்றும் இச்செயலிலே இருவர் வாழ்வும் வித்தாக அடங்கியிருந்தன. ஒரு மரணத்தை ஊழின் மேலேற்றி மறந்துவிடாது, அதன் காரணத்தை அறிதற்கு எழுத்தைத் துணையாகக் கொண்டமை கருதத்தக்கது. குஷிங் அவ்வழியை மூளையிலே தொடர்ந்தார். கொட்மன் அதனை என்பிலும் மூட்டிலும் தொடர்ந்து, பின் வைத்தியசாலை முழுவதற்கும் விரித்தார்.

மண்டையோடு ஒரு மூடிய பேழை. அதனைத் திறந்தால் மூளை வீங்கி வெளியே பிதுங்கும்; நூலாற் கட்டமுடியாத மெல்லிய குருதிக்குழாய்கள் பெருகியொழுகும்; மூடியபின்னும் மூளையைச் சூழ்ந்த நீர் கசிந்தால் அவ்வழியே கிருமி புகும். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே மூளைக்கட்டிக்குச் சத்திரசிகிச்சை பெற்றோரிற் பெரும்பகுதியினர் பிழைத்திலர். குஷிங் 1911 இல் வெள்ளியாலான சிறு கவ்விகளைக் கொண்டு குருதிக்குழாய்களை அடைத்தார். 1926 இல் மின்சாரத்தாற் குருதியைத் தடுக்கும் முறையைக் கையாண்டார். இக்கருவிகளை எல்லாரும் போற்றுவர். ஆனால் கருவியினும் பெரியது அவர் வைத்திருந்த கணக்கு. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் குறிப்பையும் காத்துவைத்தார். இறந்தோரையும் பிழைத்தோரையும் ஒருங்கே எண்ணினார். 1931 இல் இரண்டாயிரமாவது மூளைக்கட்டியை அகற்றி, 1932 இல் அவ்விரண்டாயிரம் நோயாளரின் வரலாற்றை நூலாக்கினார். அக்காலத்தில் அவர் கையில் இறப்போர் தொகை பத்தில் ஒருவர் என்னும் அளவை அடுத்து நின்றது.

தோளும் சான்றும்

கொட்மன் பொஸ்ரனிலேயே தங்கினார். மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே சத்திரவைத்தியராகவும், ஹாவாட்டிலே போதனாசிரியராகவும் பணிபுரிந்தார். எக்ஸ் கதிர் 1895 இற் கண்டுபிடிக்கப்பட்டதும் அதனை ஆர்வத்தோடு கற்றவருள் அவரும் ஒருவர். புதிய கருவியின் அற்புதத்தைப் பலரும் பாடிக்கொண்டிருக்க, அக்கதிராற் சுடப்பட்டுப் புண்பட்டோரின் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து 1902 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்மையைக் கூறுமிடத்துத் தீமையையும் எண்ணிக் கூறுதல் அவர்க்கு இயல்பாயிருந்தது.

அவர் கருத்தைப் பெரிதுங் கவர்ந்த உறுப்பு தோள். மேற்கை என்பின் தலையை நான்கு தசைகளின் நாண்கள் ஒரு முக்காடு போலச் சூழ்ந்து பற்றியிருக்கின்றன. அவற்றுள் மேலுள்ள நாண் அறுந்தாற் கையைப் பக்கவாட்டில் உயர்த்துதல் அரிதாகும். பாரந் தூக்கும் தொழிலாளி ஒருவன் விழுந்து தோளைப் பற்றிக்கொண்டு வருகின்றான். படத்தைப் பார்த்தால் என்பு முறியவில்லை. ஆகவே, அவன் நோயை நரம்புவலி என்று கூறிவிடலாம். அல்லது நட்டஈட்டுக்காக நடிக்கின்றான் என்றும் ஐயுறலாம். நாண் எக்ஸ் கதிரிலே தோன்றாதென்பதையும், அறுந்த நாணைக் காலந்தாழ்த்தாது தைத்தாற் கை மீளுமென்பதையும் கொட்மன் காட்டினார். அவ்வாறு தைத்த இரு நோயாளரின் செய்தியை 1911 இல் வெளியிட்டார்.

தோள் அவருக்கு ஆசிரியராகவும் அமைந்தது. வயிற்றைக் கீறித் தைத்தாற் புண் ஆறியதும் நோயாளி வீடு செல்வார். வைத்தியசாலைப் புத்தகத்தில் நலம் என்று எழுதிவிடுவர். தோளிலே அஃது இயலாது. புண் பத்து நாளில் ஆறினும், அத்தொழிலாளி மீண்டும் கையைத் தலைக்கு மேலே தூக்கினானா, தன் தொழிலைச் செய்தானா என்பதை மாதங்கள் பல கழிந்தே அறியலாம். விதைத்த அன்றே விளைவைக் கூறும் உழவன் உளனோ? தேர்வெழுதி முடித்த கணத்திலேயே மாணவனைச் சித்தியெய்தியவன் எனக் கூறும் ஆசிரியர் உளரோ? வைத்தியம் மட்டும் அவ்வாறு செய்து வருகின்றதே என்று கொட்மன் வியந்தார்.

அவ்வியப்பிலிருந்து பிறந்ததே இறுதிப்பயன் கொள்கை. அதன் கருவி விலையுயர்ந்த பொறியன்று, ஓர் அட்டை. நோயாளி கூறிய குறிகள் யாவை, சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் நிச்சயித்த நோய் யாது, செய்தது யாது, இடையில் நேர்ந்த சிக்கல் யாது, வீடு செல்லுகையில் நிலை யாது, பின் ஆண்டுதோறும் நிலை யாது என்பன அதில் எழுதப்படும். பயன் குறைவுபட்டதாயின் காரணத்தையும் எழுதல் வேண்டும். அறிவுக் குறைவா, கைத்திறக் குறைவா, தீர்மானத் தவறா, கருவியும் கவனிப்பும் போதாமையா, நோயை அறியாமையா என்று வைத்தியர்பாற் குற்றங்களை வகுத்தார். வெல்ல முடியாத நோய், நோயாளி சிகிச்சையை மறுத்தல், மனிதர் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட விபத்து என்பவற்றை வேறாக வைத்தார். இவ்வகுப்பிலே நியாயம் இருப்பதைக் காண்க. எல்லாத் துன்பத்தையும் வைத்தியன் தலையிற் சுமத்தவுமில்லை. எல்லாவற்றையும் விதியின் தலையிற் சுமத்தவுமில்லை.

பன்னிரண்டு கட்டில்

தாம் பணிபுரிந்த பெரிய வைத்தியசாலை இக்கொள்கையை முழுதுந் தழுவாமையால், 1911 இல் அந்நகரத்துப் பிங்னி வீதியிலே பன்னிரண்டு கட்டில் அளவான ஒரு சிறு வைத்தியசாலையைத் தாமே நிறுவினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு சென்ற நோயாளர் 337 பேர். அவர்களிடத்தே நேர்ந்த பிழைகள் 123 எனக் கணக்கிட்டார். அவற்றைத் தொகுத்து நூலாக அச்சிட்டு நாட்டின் பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார். ஒரு நோயாளி திறத்திலே தம் கைத்திறன் மிகக் கொடிதாகத் தவறியதென்றும், தவறியதை அப்பொழுது தாம் உணரவுமில்லை என்றும் ஒளியாது எழுதினார்.

வாசகர் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். ஐந்தாண்டில் 123 பிழை என்பது பெருந்தொகை போலத் தோன்றும். ஆயின் ஏனைய வைத்தியசாலைகளிற் பிழை எத்தனை? எவரும் எண்ணிலர், ஆகவே எவர்க்குந் தெரியாது. எண்ணாதவன் பிழையற்றவன் போலவும், எண்ணியவனே பிழைகாரன் போலவுந் தோன்றுதல் உலகின் விந்தைகளுள் ஒன்று.

அவ்வைத்தியசாலையிலே பதவி உயர்வு வயதின் வரிசைப்படியே வழங்கி வந்தது. ஒருவர் செய்த சத்திரசிகிச்சையின் பயன் நன்றோ தீதோ என்று ஆராய்வார் இலர். அம்முறையை எதிர்த்து 1914 இற் கொட்மன் தம் பதவியைத் துறந்தார். துறந்ததோடமையாது, தம் இறுதிப்பயன் ஏனையோர் பயனினுஞ் சிறந்ததாதலால் தம்மையே தலைமைச் சத்திரவைத்தியராக்குக என்றும் விண்ணப்பித்தார். அது மறுக்கப்பட்டது. மறுக்கப்படும் என்பதை அவரும் அறிவார். எக்காரணத்தால் மறுக்கின்றீர் என்று வினவுதற்கே விண்ணப்பித்தார்.

1915 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6 ஆந் திகதி, பொஸ்ரன் வைத்திய நூல்நிலையத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. உள்ளூர் வைத்திய சங்கத்தின் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கொட்மனே தலைவர். நகர மேயரும் வந்திருந்தார். கூட்ட முடிவிலே எட்டடி நீளமான ஒரு கேலிச்சித்திரத்தைக் கொட்மன் விரித்துக் காட்டினார். மணலிலே தலையைப் புதைத்த தீக்கோழியொன்று பொன்முட்டைகளைப் பின்புறமாக உதைத்துத் தள்ளுகின்றது. அது நகரத்துச் செல்வரைக் குறித்தது. முட்டைகளைப் பொறுக்குவோர் வைத்தியப் பேராசிரியர்கள். உண்மையை அறிந்தால் இப்பறவை இன்னும் முட்டையிடுமோ என்று ஹாவாட் தலைவர் அயலே நின்று சிந்திக்கின்றார்.

அவையிலே பெருங்குழப்பம் எழுந்தது. மறுநாட் பத்திரிகைகள் அச்செய்தியைப் பரப்பின. சங்கப் பிரிவின் தலைமையிலிருந்து நீங்கும்படி கொட்மன் கேட்கப்பட்டார். ஹாவாட்டிலிருந்த போதனைப் பதவியும் போயிற்று. நண்பர் பலர் விலகினர். நோயாளரை அனுப்பி வந்த வைத்தியரும் அனுப்பாராயினர். வருவாய் குன்ற, அச்சிறு வைத்தியசாலையும் பின்னர் மூடப்பட்டது.

இங்கே நடுவுநிலை நின்று கூறுவது கடன். எதிர்த்தோர் எல்லாரும் பொருளாசை பிடித்தவர் அல்லர். அரிய நோயாளரை ஏற்பவரின் பயன் தாழ்ந்ததாகத் தோன்றும். எளிய நோயாளரை மட்டும் ஏற்பவரின் பயன் உயர்ந்ததாகத் தோன்றும். கணக்கு வெளியானால், கடினமான நோயுற்றவரைத் தொடுவதற்கே வைத்தியர் அஞ்சுவர் என்று கூறினால், அக்கூற்றிற் பொருளுண்டு. மூளைக்கட்டியைத் தொட்ட முதல் வைத்தியர் இறப்பெண்ணை மட்டும் நோக்கியிருப்பின் அக்கலையே பிறந்திராது. கொட்மன் சொல்லிலே இனிமையும் இல்லை. மெய்யைக் கூறியதோடு மெய்யால் அடிக்கவுஞ் செய்தார். மெல்லக் கூறியிருப்பின் மேலும் பலர் கேட்டிருப்பரோ, அன்றி எவருமே கேளாதிருப்பரோ என்பது எளிதில் விடுவிக்க முடியாத வினா.

தோல்வியும் தொடர்ச்சியும்

1917 டிசெம்பர் 6 இல் கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்திலே வெடிமருந்துக் கப்பல் வெடித்து நகரின் ஒரு பகுதி அழிந்தது. கொட்மன் அங்கே விரைந்து சென்று காயமுற்றோர்க்குத் தொண்டாற்றினார். பின் முதலாம் உலக யுத்தத்தில் இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தார்.

இதற்கிடையே, அவரும் சேர்ந்து தூண்டிய ஓர் இயக்கம் வேறு வழியிற் கனிந்தது. 1913 இல் அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரி தோன்றியது. வைத்தியசாலைகளுக்கு ஒரு தரம் வகுக்க முயன்ற குழுவிற்குக் கொட்மன் முதலில் தலைமை தாங்கினார். அக்கல்லூரியார் பின்னர் நூறும் அதற்கு மேலும் கட்டில்களையுடைய 692 வைத்தியசாலைகளை ஆராய்ந்தனர். குறைந்த அளவான தரத்தை எட்டியவை 89 மட்டுமே. புகழ்பெற்ற பெயர்கள் பல அவ்வெண்பத்தொன்பதில் இல்லாமையால், 1919 இல் நியூயோர்க் விடுதியொன்றின் உலையிலே அப்பட்டியல் எரிக்கப்பட்டது. மணலிற் புதைந்த தலையைக் கொட்மன் வீணே வரையவில்லை என்பதற்கு அவ்வுலைத் தீயே சான்று.

கொட்மன் சோர்ந்திலர். 1920 அளவில் என்புப் புற்று நோயாளர்க்கு ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். என்புப் புற்று அரிதாக வருவது. ஒரு வைத்தியர் தம் வாழ்நாளிற் காண்பவர் சிலரே. அதனாற் கையையோ காலையோ துண்டித்தல் நலமா, வேறு வழியுண்டா என்பதை எவரும் தனித்து அறிதல் இயலாது. ஆகவே நாடெங்குமிருந்து நோயாளர் குறிப்பையும், படத்தையும், கட்டியின் துணுக்கையும் ஓரிடத்தே திரட்டினார். நோயாளர் பின் எவ்வாறாயினர் என்பதையுங் கேட்டெழுதினார். ஐக்கிய அமெரிக்காவிலே நாடளாவிய புற்றுநோய்ப் பதிவேடுகளுள் முதலாவது அதுவேயாகும்.

1934 இலே, தோளைப் பற்றிய பெருநூலைத் தம் செலவிலேயே வெளியிட்டார். அசைவற்று இறுகிய தோளுக்கு உறைந்த தோள் என்னும் பெயர் அந்நூலாலேயே வழக்கில் வந்தது. அதன் முகவுரையிலே தம் வாழ்க்கையையும், தாம் தோற்ற வரலாற்றையும் மறையாது எழுதினார். நாண் அறுந்த கதையையும் நண்பர் பிரிந்த கதையையும் ஒரே நூலில் வைத்தவர் அவர்.

இளமையிலே ஈதர்த் தாளில் உடன் புள்ளியிட்ட குஷிங் 1939 ஒக்ரோபரில் இறந்தார். ஓராண்டின் பின், 1940 நவம்பர் 23 இற் கொட்மன் புற்றுநோயால் இறந்தார். ஒருவர் உலகம் போற்றச் சென்றார்; மற்றவரின் உடல் கேம்பிரிட்ஜ் நகரத்து மவுண்ட் ஓபன் இடுகாட்டிலே, மனைவியின் குடும்பத்தார்க்குரிய நிலத்திற் பெயர்க்கல்லும் இன்றி அடக்கஞ் செய்யப்பட்டது.

பதிவேட்டைப் போற்றியவருக்குப் பெயர்ப்பலகை இன்றி எழுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. சத்திரவைத்தியர் பலர் கூடி 2014 இல் அவ்விடத்தே ஒரு கல் நாட்டினர். அதற்கு முன்னரே அவர் கருத்து உலகெங்கும் பரவிவிட்டது. வைத்தியசாலைகளின் தரத்தை ஆராயும் கூட்டு ஆணைக்குழு அமெரிக்காவில் 1951 இல் அமைந்தது. இறப்பையும் சிக்கலையும் ஆராயும் கூட்டத்தை இன்று சத்திரசிகிச்சைப் பகுதிகள் முறையாக நடத்துகின்றன. சுவீடன் நாட்டார் 1975 இல் செயற்கை முழங்கால் மூட்டுக்கும், 1979 இல் இடுப்பு மூட்டுக்கும் நாடளாவிய பதிவேடுகளை வகுத்தனர். உலோகத்தோடு உலோகம் உராயும் ஒருவகை இடுப்பு மூட்டு, பொருத்தியபின் விரைவிற் பழுதுபடுகின்றது என்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்னரே காட்ட, 2010 இல் அம்மூட்டு உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நோயாளி ஒவ்வொருவரும் வலியைத் தம்மூழ் என்று பொறுத்திருப்பர். எண்ணிப் பார்த்த ஏடே அது ஊழன்று என்று உரைத்தது. அவ்வேட்டின் முதற்பக்கம் பிங்னி வீதியில் எழுதப்பட்டது.

ஆசிரியராகிய நாமும், நூலெழுதும் புலவரும், நீதி வழங்குவோரும் நம் தொழிலின் இறுதிப்பயனைத் தேடிச் செல்கின்றோமா? நம் வகுப்பை விட்டுச் சென்ற மாணவர் பத்தாண்டின் பின் எவ்வாறாயினர் என்று நம்முள் எத்துணைப்பேர் குறித்து வைத்துள்ளோம்? சித்தியெய்தியோர் பட்டியலைச் சுவரிலே தொங்கவிடுகின்றோம். தவறியோர் ஏன் தவறினர், அதில் நம் பங்கு யாது என்று எழுதும் அட்டை நம் கையில் இல்லை. அவ்வட்டையை எடுத்து முதல் வரியை எழுத முனையும்போது, நம் கை சிறிது நடுங்கும். நூற்றிருபத்து மூன்று முறை எழுதிய கையின் பெருமை அப்பொழுது விளங்கும்.